ஓடிபி சொல்லும் உரிமையாளர்

தன் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது என்பது வடிவுக்குத் தெரியாமல் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட ஷெட்டின் வாசலில் ‘வடிவு டிரேடர்ஸ், உரிமையாளர்: தி. வடிவு’ என்று மஞ்சள் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே ஜிஎஸ்டி நம்பரும் போட்டிருக்கிறது. ஆனால் ரேஷன் கார்டில்கூடத்தான் குடும்பத் தலைவி என்று அவள் பெயர் இருக்கிறது. அதனால் என்ன ஆகிவிட்டது? இரண்டையும் அவள் ஒரே தட்டில்தான் வைத்திருந்தாள்.

இதில் வடிவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்த வட்டாரத்தில் பாதிச் சின்னக் கம்பெனிகளின் உரிமையாளர்கள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவனுக்கு பேங்கில் பழைய கடன், ஒருவன் வேறு வேலையில் இருந்துகொண்டே பக்கத்தில் தொழில் செய்கிறவன், இன்னொருவனுக்கு ஜாதகத்தில் சனி சரியில்லை. உடனே பெண்டாட்டி பேரில் போட்டுவிடுவார்கள். வடிவின் கணவர் திருமுருகனுக்கு வாட் பாக்கி. பழைய வாட் வரி இருந்த காலத்தில் அவர் பேரில் ஒரு தொகை விழுந்து, வட்டியும் முதலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜிஎஸ்டி வந்தபோது யாரோ, “அண்ணி பேர்ல எடுத்துடுங்கண்ணே, புது நம்பரு, புது வாழ்க்கை” என்று யோசனை சொன்னார்கள். அவரும் வடிவை உட்காரவைத்து நாலு இடத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு போட்டோ எடுத்து, அவளை முதலாளி ஆக்கிவிட்டார். அன்று மத்தியானம் முதலாளி சமைத்தது கத்திரிக்காய் குழம்பு.

தொழில் பனியன் வேஸ்ட். லேத்துப் பட்டறையிலும் பெரிய கம்பெனிகளிலும் மிஷின் துடைக்கவும், கையில் ஒட்டிய கிரீஸைத் துடைக்கவும் துணி வேண்டும். திருப்பூரிலிருந்து லாரியில் வரும் வெட்டுத்துணியையும், ஆவடிப் பக்கத்துத் தையல் யூனிட்டுகளில் விழும் துண்டுகளையும் மூட்டையாக வாங்கி, வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து, எடைபோட்டுக் கட்டி அனுப்ப வேண்டும். நாலு பெண்களோடு உட்கார்ந்து அதைச் செய்வது வடிவு. ஒரு பட்டன் தப்பிப் போனால் கம்பெனிக்காரனுடைய மிஷினில் கீறல் விழும், மூட்டை திரும்பி வரும். எட்டு வருடத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு பட்டன் போனதில்லை. எந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டின முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மூட்டை வடிவுக்கு, பில் திருமுருகனுக்கு. அவர்களுக்குள் அதுதான் பாகப்பிரிவினை.

முதலாளி என்ற முறையில் அவளுக்கு இருந்த ஒரே வேலை ஓடிபி. மாதத்தில் இரண்டு மூன்று தடவை அவள் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். உடனே ஆடிட்டர் ஆபீஸிலிருந்து லோகேஷ் கூப்பிடுவான். அவனுக்கு முப்பது வயது, எப்போதும் மூக்கடைத்த குரல். “அக்கா, நம்பர் வந்துச்சா?” வடிவு ஒரு கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஆறு எண்ணையும் ஒப்பிப்பாள். “ஓகேக்கா.” அவ்வளவுதான். எதற்கு என்று அவள் கேட்டதில்லை. பால்காரன் மணி அடித்தால் பாத்திரத்தை நீட்டுவதில்லையா, அதுபோல் அதுவும் பழகிவிட்டது.

ஆகஸ்டு ஏழாம் தேதி காலையில் லோகேஷ் கூப்பிட்டபோதும் அவள் பழக்க தோஷத்தில், “நம்பர் இன்னும் வரலப்பா” என்றாள்.

“ஓடிபிக்கு இல்லக்கா. அண்ணன் போன் எடுக்க மாட்றாரு. நம்மகிட்ட வாங்குற பெரிய கம்பெனிலேர்ந்து எனக்கே மெயில் போட்டுட்டாங்க. வர்ற பதினொண்ணாந் தேதிக்குள்ள நம்ம ஜூலை பில்லு அவங்க கணக்குல தெரியலன்னா, அடுத்த மாசத்துலேர்ந்து ஆர்டர் வேற பார்ட்டிக்காம். பாக்கி பேமெண்ட்டும் நிறுத்தி வெச்சிருக்காங்க.”

வடிவு அடுப்பை அணைத்தாள். வடிவு டிரேடர்ஸ் விற்பதில் முக்கால் பங்கு அந்த ஒரு கம்பெனிக்குத்தான் போகிறது. அது போனால் அந்த நாலு பெண்களையும் அனுப்பிவிட்டு ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஓனரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

“பில்லு நாம குடுத்தோமேப்பா. ஏன் தெரிய மாட்டுது?”

“நாம ஜூன் மாசத்து வரியே இன்னும் கட்டலக்கா. அதைக் கட்டாம ஜூலை லிஸ்ட்ட ஏத்த உடாது.”

“ஏன் கட்டல?”

“இன்புட் வரலக்கா.”

வடிவுக்கு இன்புட் என்றால் என்ன என்று தெரியாது. எட்டு வருடம் கழித்து முதல் தடவையாகக் கேட்டாள். லோகேஷுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் நிதானித்துச் சொன்னான்.

“இப்ப நீங்க நூறு ரூபாய்க்கு வேஸ்ட் வாங்குறீங்க. வித்தவங்க உங்ககிட்ட அஞ்சு ரூபா வரி சேத்து வாங்குவாங்க. நீங்க அதைப் பிரிச்சிக் கட்டி கம்பெனிக்கு நூத்தி நாப்பதுக்கு விக்கிறீங்க. அவங்ககிட்ட ஏழு ரூபா வரி வாங்குறீங்க. அந்த ஏழுல அஞ்சு, ஏற்கெனவே உங்களுக்கு வித்தவங்க மூலமா கெவர்மெண்டுக்குப் போயிடுச்சு. அதான் இன்புட். அதைக் கழிச்சிக்கினு மீதி ரெண்டை மட்டும் நீங்க கட்டணும்.”

“சரி.”

“உங்களுக்கு வித்தவங்க கணக்குக் காட்டவே இல்லன்னா, அந்த அஞ்சு நமக்குக் கழியாது. ஏழையும் நீங்கதான் கட்டணும்.”

“நான்தான் அஞ்சை அவங்க கையில குடுத்துட்டேனே!”

“குடுத்துட்டீங்க. அவங்க காட்டலயே.”

“தப்பு பண்ணது அவங்க, கட்றது நானா? இன்னாப்பா நியாயம் இது?”

“நியாயம்லாம் இல்லக்கா. ஜிஎஸ்டி.”

விற்றது யார் என்று கேட்டாள். சென்னீர்குப்பத்தில் ‘ஸ்ரீ சாவித்திரி ஏஜென்சீஸ்’ என்று ஒரு பார்ட்டி. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமாக அவர்கள் ஒன்றும் தாக்கல் செய்யவில்லை. எழுபத்திரண்டாயிரம் ரூபாய் இன்புட் நிற்கிறது. ஏப்ரலையும் மேயையும் துணியை அமுக்கிப் பேல் கட்டும் மிஷின் வாங்கினபோது சேர்ந்த பழைய இன்புட்டை வைத்துச் சமாளித்தாயிற்று. இனி துடைத்த சட்டி. ஜூனுக்கு முப்பத்தெட்டாயிரம் ரொக்கமாகக் கட்டினால்தான் கதவு திறக்கும்.

திருமுருகன் ஷெட்டில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். வடிவு போய் நின்றாள்.

“யாரு அந்தச் சாவித்திரி?”

அவர் பேப்பரை மடித்தார். “வீரராகவன்னு ஒருத்தன். அவன் பொண்டாட்டி பேர்ல கீது கம்பெனி. அது மூணு மாசமா ஓடிபி குடுக்க மாட்டேன்னு ஒரே ரவுசாம். கதவைச் சாத்திக்கினு கீதாம். மூளை கொழம்பிப் போச்சின்னு சொல்றான்.”

வடிவு நினைத்துப் பார்த்தாள். தன்னைப் போலவே இன்னொருத்தி. எங்கோ ஒரு வீட்டில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு எண்ணை ஒப்பிக்க மாட்டேன் என்கிறாள். அதற்கு இங்கே அம்பத்தூரில் தன் ஷெட்டு மூடப்போகிறது. தண்ணி லாரி வரும் தெருவில் குடத்தைக் கைமாற்றி விடுவார்களே, முதல் ஆள் குழாயைத் திறக்கவில்லை என்றால் கடைசி ஆள் காலிக் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். வரியும் அப்படித்தான் போலிருக்கிறது என்று அரைகுறையாகப் புரிந்தது. ஆனால் ஒருத்தி ஏன் திறக்க மாட்டேன் என்கிறாள்?

“நான் போய்ப் பேசுறேன்.”

“நீ எதுக்கு அங்கெல்லாம்? நான் பாத்துக்கறேன் உடு.”

“மூணு மாசமா பாத்த லட்சணம்தான் தெரியுதே. பொம்பளைங்க பேசிக்கிறது வேற.”

“சொன்னா கேளு வடிவு. அது ஒரு மாதிரி பொம்பளை. அசிங்கமா எதாச்சும் பேசும்.”

அவர் குரலில் அதட்டல் இல்லாமல் கெஞ்சல்தான் இருந்தது. அது வடிவின் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. வீறாப்புக்காரர், பெண்டாட்டி போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆவடிக்குப் போய், அங்கிருந்து பூந்தமல்லி பஸ் ஏறினாள். பெண்களுக்குக் காசு வாங்காத பஸ். கண்டக்டர் கொடுத்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதற்கும் எங்காவது யாராவது வரி கட்டுகிறார்களா, கட்டினால் யாருக்குக் கழிகிறது? இரண்டு மணி நேரம் முன்னால்வரை இப்படியெல்லாம் யோசிக்கிறவளாக அவள் இல்லை. கம்பெனிக்காரன் ஏழு கொடுக்கிறான். அது நம் பணமில்லை. நாம் அஞ்சு கொடுத்தோம். அதுவும் நம் பணமில்லை, ஏனென்றால் கழிந்துவிடும். அப்படியானால் இவ்வளவு வருடமாக நூறு நூறாக எண்ணிக் கொடுத்து வாங்கியதில் எதுதான் நம் பணம்? பருத்திப்பட்டு தாண்டும்போது தலை வலித்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

சென்னீர்குப்பத்தில் விசாரித்துப் போனால், ஏஜென்சி குடோன் என்று காட்டின இடத்தில் பிரியாணிக் கடை நடந்துகொண்டிருந்தது. “குடோன் காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சே. ஊடு பின்னால சந்துல” என்றார் கல்லாவில் இருந்தவர். இரண்டு வருடமாகக் குடோன் இல்லாமல் சரக்கை எங்கே வைக்கிறார்கள் என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. வெயில் அதைப் பின்தொடர விடவில்லை.

கிரில் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டுதான் சாவித்திரி பேசினாள். வடிவைவிட நாலைந்து வயது சின்னவள். சுத்தமாக வாரிய தலை, துவைத்த நைட்டி. மூளை குழம்பியவளாக ஒன்றும் தெரியவில்லை.

“யாரு அனுப்புனாங்க? அவரா?”

“யாரும் அனுப்பல. நான் வடிவு டிரேடர்ஸ்.”

“அதுல யாரு?”

“வடிவு.”

சாவித்திரி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “ஓனரா?”

“ஓனருதான். உன்னை மாதிரி. ஓடிபி சொல்ற ஓனரு.”

சாவித்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பூட்டைத் திறந்தாள். மோர் கொடுத்தாள். வடிவு தன் கஷ்டத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்: கம்பெனி மெயில், பதினொன்றாம் தேதி, தானே உட்கார்ந்து மூட்டை பிரிப்பது, கூட இருக்கும் நாலு பெண்களின் கூலி. “உன் ஊட்டுக்காரர்கூட உனக்கு ஆயிரம் சண்டை இருக்கும்மா. அதுல நான் தலையிடல. ஆனா அந்த நம்பரை நீ சொல்லாததால என் குடும்பம் தெருவுக்கு வருது.”

சாவித்திரி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். அதில் பதினைந்து பில்கள்.

“அஞ்சு வருஷமா கேக்கறப்பல்லாம் நம்பர் சொன்னவதாங்க்கா நான். ஏப்ரல்ல என் ஸ்கூட்டி டிக்கியில இந்த மொதல் பில்லு கெடந்துச்சு. எடுத்துப் பாத்தேன். ரெண்டு டன்னு பனியன் வேஸ்ட், வடிவு டிரேடர்ஸுக்கு. வண்டி நம்பர்னு போட்டுக்கீதே, பாருங்க. அது என் ஸ்கூட்டி நம்பர்.”

வடிவு பார்த்தாள். வாசலில் நின்றிருந்த சிவப்பு ஸ்கூட்டியையும் பார்த்தாள். அதே நம்பர்.

“ரெண்டு டன்னு என் ஸ்கூட்டியில ஏறுமா? எங்களுக்குக் குடோனே இல்ல, சரக்கு எங்கேர்ந்து வந்துச்சு? கேட்டா, நம்பர் மாத்தி அடிச்சிட்டாங்க, சரக்கெல்லாம் ஒயுங்கா போய்ச் சேந்துடுச்சின்றாரு. உனக்கு இன்னா தெரியும், சும்மா நம்பரைச் சொல்லுன்றாரு. அதுக்கப்புறம் ஊட்டுக்கு வந்த பில்லையெல்லாம் எடுத்து வெச்சிப் பாத்தேன். எல்லாம் தொண்ணூத்தாறாயிரம், தொண்ணூத்தஞ்சாயிரம். ஒண்ணுகூட லட்சத்தைத் தொடல. லட்சம் ஆனா வண்டிக்குத் தனியா ஒரு சீட்டு எடுக்கணுமாம். நான் ஒண்ணுதான் கேட்டேன். சரக்கு போச்சா, போலயா? அதைச் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. நீங்க மொத ஆளு வந்துக்கீறீங்க.” அவள் பில்களை வடிவின் மடியில் வைத்தாள். “சரக்கு வந்துச்சின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. இப்பவே போனைப் போட்டு நம்பரைச் சொல்லிடறேன். எனக்கும் நிம்மதி.”

இதைவிடச் சுலபமான காரியம் இருக்க முடியுமா? ‘வந்துச்சு’ என்றால் முடிந்தது. வடிவு பில்களைப் புரட்டினாள். ஏப்ரல் பதினாலாம் தேதி இரண்டு டன். அன்று வருடப்பிறப்பு. ஷெட்டைத் திறக்கவேயில்லை. மே மாதத்துக்கு ஐந்து பில், ஜூனுக்கு ஐந்து. அந்த மூன்று மாதத்தில் ஷெட்டுக்குள் இறங்கின ஒவ்வொரு மூட்டையும் அவளுக்கு நினைவிருக்கிறது. மாதம் இரண்டு திருப்பூர் லாரி. மற்றதெல்லாம் ஆவடித் தையல் யூனிட்டுகளில் துண்டு சேர்த்துக் கொண்டுவரும் குப்பம்மாவின் லோடு ஆட்டோ. குப்பம்மாவின் முடிச்சு இரட்டை முடிச்சு, பல்லால் கடித்தால்தான் அவிழும். விரல் மடக்கி எண்ணினாள். இவர்கள் இருவரையும் விட்டால் மூன்றாவது ஆள் சரக்கு என்று ஒரு கைக்குட்டை அளவு துணிகூட உள்ளே வந்ததில்லை.

சரக்கு வந்தது. பில்லும் வந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்தது. அதற்கு மேல் எல்லாம் இருட்டாக இருந்தது. திருமுருகன் எதற்கு இப்படிச் செய்தார், இது எவ்வளவு பெரிய தப்பு, ஜெயிலா, அபராதமா, ஒன்றும் தெரியவில்லை.  சாவித்திரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா” என்றாள் வடிவு.

சாவித்திரியின் முகம் சுருங்கிவிட்டது. “மூட்டைய நீங்கதான் பிரிக்கிறதுன்னு சொன்னீங்களேக்கா” என்றாள். வடிவு பில்களை அவளிடமே நீட்டிவிட்டு எழுந்தாள். போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலே அந்தச் சந்திலிருந்து வெளியே வந்துவிட்டாள். அப்படி ஓடிவந்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஷெட்டுக்கு வந்தபோது மணி நாலரை. பெண்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். திருமுருகன் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றார்.

“சாவித்திரி பில்லுல இருக்கறது குப்பம்மா சரக்குதானே?” என்றாள் வடிவு.

அவர் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திருப்பூர்க்காரன் விலையை ஏற்றிவிட்டான். குப்பம்மாவிடம் சல்லிசாகக் கிடைக்கிறது. ஆனால் அவளுக்கு ஜிஎஸ்டி நம்பர் ஏது, பில் ஏது? பில் இல்லாமல் வாங்கினால் கழிக்க ஒன்றும் இருக்காது, முழு வரியும் தலையில் விழும். அதனால்தான் வீரராகவனிடம் பில்.

“பேங்க்ல அவனுக்கு முழுசா அனுப்புவேன். நூத்துக்கு ரெண்டு ரூபா எடுத்துக்கினு மீதிய கையில குடுத்துடுவான். அதைத்தான் குப்பம்மாவுக்குக் குடுப்போம். இந்த லைன்ல எல்லாரும் பண்றதுதான் வடிவு. சரக்கு நெஜம், காசு நெஜம். நான் இன்னா திருடவா செஞ்சேன்?”

வடிவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். காலையில் லோகேஷ் சொன்ன நூறையும் அஞ்சையும் மறுபடி விரலில் எடுத்தாள். அஞ்சு போனது வீரராகவனிடம். அவன் கமிஷன் இரண்டு போக, குப்பம்மாவுக்குக் கொடுத்த நூறுக்கு மேல் மூன்று இவர் கையில் நின்றது. குப்பம்மா ஒன்றும் கட்டவில்லை. வீரராகவன் ஒன்றும் கட்டவில்லை.

“அப்ப அந்த எழுபத்திரண்டாயிரத்தை கெவர்மெண்டுக்கு யாருதான் கட்டுனாங்க?”

“அது வந்து… அவனும் வேற எவனோ பில்லைக் காட்டிக் கழிச்சிடுவான்… பேப்பர்ல…”

“யாருமே கட்டாத வரிய நாம எப்படிங்க கழிக்கிறது?”

கேட்ட பிறகுதான், தான் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று அவளுக்கே தோன்றியது. எட்டு வருட ஜிஎஸ்டி அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது போலிருந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் ஊரார் வீட்டுடையது, ஊற்றின கையும் நிஜமாகவே பெண்டாட்டி கை. ஆறு இலக்க எண்ணைச் சொன்ன வாயும் அவளுடையதுதான்.

“திரும்பி வந்த காசு எங்க?”

அவர் தலைக்கு மேலே கையைக் காட்டினார். மே மாதம் ஒழுகின தகரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்ட கூரை. போட்ட அன்று வடிவுதான் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினாள்.

அவள் மேலே கேட்பதற்குள் போன் அடித்தது. புது நம்பர். எடுத்தாள்.

“அக்கா, சாவித்திரி பேசுறேன்.” குரல் எதிரொலித்தது. சுற்றிலும் ஆட்கள் பேசுவது கேட்டது. “ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன். எங்க ஊட்டுக்காரர் கீறாரு, எங்கண்ணன் கீறாரு, மாமியார் கீறாங்க. என்னை இப்ப டாக்டராண்ட இட்னு போகணுமாம். சந்தேக நோயாம். போன மாசமும் இட்னு போனாங்க, மாத்திரை குடுத்தாங்க. எங்கண்ணனே இவங்க சொல்றதைத்தான் நம்பறாரு.” மூச்சு வாங்கினாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. அந்தச் சரக்கு உங்களுக்கு வந்துச்சா?”

பக்கத்தில் நின்ற திருமுருகனுக்கு எல்லாம் கேட்டது. இரண்டு கையையும் கூப்பினார். சத்தம் வராமல் உதட்டை அசைத்தார்: வந்துச்சின்னு சொல்லு. முப்பது வருடத்தில் அவர் அவளைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

வந்தது என்றால் இன்றைக்கே தாக்கல் ஆகும். கம்பெனி நிற்கும், பிடித்து வைத்த பணம் வரும், நாலு பெண்களும் நாளைக்கு வேலைக்கு வருவார்கள். வரவில்லை என்றால் நாலு நாளில் முப்பத்தெட்டாயிரம் புரட்ட வேண்டும், எங்கே போய் என்று தெரியாது, புரட்டினாலும் இந்தப் பதினைந்து பில்லும் நாளைக்கு என்ன பூதமாக வந்து நிற்குமோ அதுவும் தெரியாது. வடிவுக்கு எதுவுமே தெரியவில்லை. வரி தெரியவில்லை, சட்டம் தெரியவில்லை, தான் முதலாளியா இல்லையா என்பதுகூடச் சரியாகத் தெரியவில்லை. மூட்டை மட்டும் தெரியும்.

“வரல சாவித்திரி” என்றாள். “ஒரு மூட்டைகூட வரல. அங்கயே சொல்லிருக்கணும், பயந்துட்டேன். நீ கேட்டதுதான் சரி.”

அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், வீரராகவனாகத்தான் இருக்க வேண்டும், குறுக்கே வந்தது. “யம்மா, இன்னா பேசுறோம்னு தெரிஞ்சி பேசு. கம்பெனி உன் பேர்ல கீது. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா உன்னைத்தான் கேப்பான், உம் புருஷனை இல்ல.”

வடிவு மூட்டையிலிருந்து எழுந்து நின்றாள். அது மிரட்டலா, உண்மையா என்று பிரித்துப் பார்க்கவும் அவளால் முடியவில்லை.

“என்னைத்தானேண்ணா கேக்கட்டும்” என்றாள். “வரலன்னு சொல்லுவேன்.”

திருமுருகன் தரையில் உட்கார்ந்துவிட்டார். “போச்சு. கம்பெனி போச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வடிவு அவரைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் சாவித்திரி போனை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அழுகையும் சிரிப்புமாக, வீட்டிலிருந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கேட்டுக்கினீங்களா? அண்ணே, நீ கேட்டுக்கினியா? எல்லாரும் கேட்டுக்கினீங்களா?”